குப்பிக்குள் என்ன இருக்கிறது? ஆய்வக பெப்டைடுகள் பற்றி வாசகர் கேள்விகள்

வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கத் தூண்டும் பெப்டைடுகள், அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலிகள், பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து கல்லூரி ஆய்வகத்தினரும் பெற்றோரும் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். ‘எது வீரியம் கூடியது?’ என்பதுதான் பலரும் கேட்டது. குப்பியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே பதில்கள் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

ஜிஎச்ஆர்பி-6, ஜிஎச்ஆர்பி-2, ஹெக்சாரெலின், ஐபாமோரெலின், செர்மோரெலின், சிஜேசி-1295 என்று பல பெயர்கள் அடிபடுகின்றன. எல்லாம் ஒரே வகைதானா?
– முதுகலை மாணவர், மயிலாடுதுறை

இல்லை. இவை இரண்டு குடும்பங்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடுவதில்தான் முதல் குழப்பமே வருகிறது.

செர்மோரெலின், சிஜேசி-1295, டெசாமோரெலின் மூன்றும் மூளையின் ஹைப்போதலாமஸ் இயற்கையாகச் சுரந்து, வளர்ச்சி ஹார்மோனை வெளிவிடச் செய்யும் ஜிஎச்ஆர்எச் ஹார்மோனின் வாரிசுகள். 44 அமினோ அமிலங்கள் கொண்ட அந்த ஹார்மோனை 1982-இல் கணையக் கட்டிகளிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதன் முதல் 29 அமினோ அமிலங்களே வேலைக்குப் போதும். அந்தத் துண்டுதான் செர்மோரெலின். இவை வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி செல்லின் ஜிஎச்ஆர்எச் ஏற்பியில், சாவி பூட்டில் பொருந்துவது போல, அமர்ந்து, உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறின் அளவைக் கூட்டுகின்றன.

மற்ற நான்கும் ஐந்தாறு அமினோ அமிலங்களே உள்ள சின்ன மூலக்கூறுகள். அமெரிக்காவின் டுலேன் பல்கலைக்கழகத்தில் சிரில் பவர்ஸ் குழு, என்கெஃபலின் என்ற மூளை பெப்டைடை மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில்தான் இந்தக் குடும்பம் தொடங்கியது. ஜிஎச்ஆர்பி-6 பற்றிய கட்டுரை 1984-இல் வந்தது. அது எந்த ஏற்பியில் அமர்கிறது என்பது 1996-இல்தான் தெரிந்தது. அந்த ஏற்பிக்கு உடலே சுரக்கும் சாவி கிரெலின் என்பதை ஜப்பானின் கோஜிமாவும் காங்காவாவும் 1999-இல் எலியின் இரைப்பையிலிருந்து கண்டுபிடித்தார்கள். மருந்து முதலில் வந்து, ஏற்பி அடுத்து வந்து, ஹார்மோன் கடைசியில் வந்தது. இந்த ஏற்பி வேலை செய்வது செல்லுக்குள் கால்சியத்தை உயர்த்தி.

வழி வேறு என்பதால் இரண்டு குடும்பத்தையும் சேர்த்துக் கொடுத்தால் விளைவு தனித்தனி விளைவுகளின் கூட்டலை விட அதிகமாக இருக்கும். ஆகவே ஜிஎச்ஆர்பி-6-ஐ ஜிஎச்ஆர்பி-2-உடன் ஒப்பிடுங்கள், செர்மோரெலினை சிஜேசி-யுடன் ஒப்பிடுங்கள். குடும்பம் தாண்டி ஒப்பிட வேண்டுமானால், இரண்டும் சேர்ந்த குழு ஒன்றும் சோதனையில் இருக்கட்டும்.

ஜிஎச்ஆர்பி-6, ஐபாமோரெலின் இரண்டிலும் 5 மில்லிகிராம் குப்பி வாங்கினோம். இரண்டையும் ஒரே அளவு நீரில் கரைத்து, பிட்யூட்டரி செல்களில் ஒரே கன அளவு சேர்த்தோம். ஐபாமோரெலின் தெளிவாக முந்துகிறது. இதை முடிவாக எழுதலாமா?
– முனைவர் பட்ட மாணவி, தஞ்சாவூர்

எழுதாதீர்கள் அம்மா, இப்போதைக்கு. நீங்கள் ஒப்பிட்டது எடைக்கு எடை. ஏற்பிக்கு எடை தெரியாது. எத்தனை மூலக்கூறு வந்தது என்பதுதான் அதற்குக் கணக்கு.

ஜிஎச்ஆர்பி-6-இன் மூலக்கூறு எடை 873, ஐபாமோரெலினுடையது 712, ஜிஎச்ஆர்பி-2-இனுடையது 818, ஹெக்சாரெலினுடையது 887. இது பாதிக் கணக்குதான். மீதிப் பாதி, குப்பியில் பெப்டைடோடு ஒட்டிக்கொண்டு வரும் உப்பு. தயாரிப்பின் கடைசிக் கட்டத்தில் ட்ரைஃப்ளூரோ அசெட்டிக் அமிலம், அதாவது டிஎஃப்ஏ, பயன்படுகிறது. பெப்டைடில் காரத்தன்மையுள்ள இடம் ஒவ்வொன்றிலும் ஒரு டிஎஃப்ஏ ஒட்டும். ஒன்றின் எடை 114. ஜிஎச்ஆர்பி-6-இல் அப்படி மூன்று இடங்கள்: முனை அமீன், ஹிஸ்டிடின், லைசின். 873-உடன் 342 சேர்ந்தால் 1,215. ஆக, உங்கள் 5 மில்லிகிராமில் உண்மையான பெப்டைடு சுமார் 72 சதவீதம், 3.6 மில்லிகிராம். அது 4.12 மைக்ரோமோல். ஒரு மில்லிமோலார் கரைசல் வேண்டுமானால் 4.12 மில்லிலிட்டரில் கரைக்க வேண்டும். உப்பை மறந்து 5-ஐ 873-ஆல் வகுத்தால் 5.73 மில்லிலிட்டர் என்று வரும். கையில் இருப்பது 0.72 மில்லிமோலார்தான்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு குப்பி டிஎஃப்ஏ உப்பாகவும் மற்றது அசிடேட் உப்பாகவும் இருந்தால்? அசிடேட்டின் எடை 60தான். மூன்று அசிடேட்டோடு ஐபாமோரெலின் கிட்டத்தட்ட 80 சதவீதம் பெப்டைடு. ஒரு மில்லிகிராமுக்கு அது 1,121 நானோமோல். டிஎஃப்ஏ உப்பான ஜிஎச்ஆர்பி-6-இல் 823 நானோமோல். அதாவது, ‘ஒரே எடை’ என்று நினைத்தபடியே ஐபாமோரெலினை 36 சதவீதம் கூடுதலாக ஊற்றியிருப்பீர்கள்.

இவை முழுதாக உப்பேறிய நிலைக்கான கணக்கு. உறைநிலையில் உலர்த்தும்போது அசிடேட்டில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். நீரும் சில சதவீதம் தங்கும். அதனால் பகுப்பாய்வுச் சான்றிதழில் ‘நிகர பெப்டைடு அளவு’ என்ற வரியைத் தேடுங்கள். அமினோ அமிலப் பகுப்பாய்வு அல்லது நைட்ரஜன் அளவீடு வழியே வந்த எண் அது. கலவையைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவியின் ‘எச்பிஎல்சி தூய்மை 99 சதவீதம்’ என்ற வரி வேறு. பெப்டைடு சார்ந்த உச்சங்களில் எத்தனை பங்கு சரியான பெப்டைடு என்று மட்டுமே அது சொல்கிறது. உப்பும் நீரும் அதன் கண்ணில் படாது. 99 சதவீதத் தூய்மையும் 70 சதவீத நிகர அளவும் ஒரே குப்பியில் இருப்பது சர்வ சாதாரணம்.

நிகர அளவு தரப்படவில்லை என்றால், ஜிஎச்ஆர்பி-6-ஐ நீங்களே 280 நானோமீட்டரில் அளந்துவிடலாம். ஒளியை உறிஞ்சும் அமினோ அமிலமான டிரிப்டோபான் இரண்டு இருப்பதால் ஒளி உறிஞ்சும் குணகம் சுமார் 11,000. 10 மைக்ரோமோலார் கரைசல் ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் 0.11 காட்ட வேண்டும். ஐபாமோரெலினில் டிரிப்டோபானே கிடையாது; நாஃப்தைல் அலனின்தான் ஒளியை உறிஞ்சுகிறது. ஜிஎச்ஆர்பி-2-இல் இரண்டும் உண்டு. ஆகவே ஜிஎச்ஆர்பி-6-இன் குணகத்தை அவற்றுக்குப் பொருத்தக் கூடாது.

இன்னொன்று: டிஎஃப்ஏ சில செல் வகைகளின் பெருக்கத்தையே குறைக்கும். செல் வளர்ப்பில் நாள்கணக்கில் வைக்கும் சோதனை என்றால் எல்லாப் பெப்டைடுகளையும் அசிடேட் அல்லது ஹைட்ரோகுளோரைடு உப்பாகவே வாங்குங்கள். ஒப்பிடும் அத்தனையும் ஒரே உப்பாக இருக்கட்டும்.

மழைக்காலத்தில் குப்பியைத் திறந்தால் தூள் அடியில் வெல்லப்பாகு போல ஒட்டிக்கொள்கிறது. மின்தடை வேறு. எப்படிச் சேமிப்பது?
– ஆய்வக உதவியாளர், திருவாரூர்

பாகு போல ஆவதற்குக் காரணம் ஈரம். மைனஸ் 20 டிகிரியிலிருந்து எடுத்த குப்பியை ஐப்பசி மாதக் காற்றில் உடனே திறந்தால், உள்ளே போகும் காற்றின் ஈரம் அந்தக் குளிர்ந்த தூளில் படிந்துவிடும். இந்தப் பெப்டைடு உப்புகள் ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளவை. குப்பியை மூடியபடியே, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் வைத்து, அறை வெப்பத்துக்கு வரும்வரை பொறுத்திருங்கள். வெளிச்சுவரில் துளி வேர்வைகூட இல்லாதபோது திறக்கலாம். திறக்கும் முன் சின்ன சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று சுற்றினால் மூடியில் ஒட்டிய தூள் கீழே இறங்கிவிடும். மீதித் தூளைத் திரும்ப உள்ளே வைத்து, அடுத்த மாதம் மறுபடி எடை போடுவது வேண்டாம். ஈரமேறிய தூளை எடை போடுவது நீரையும் சேர்த்து எடை போடுவதுதான். முதல் தடவையே முழுக் குப்பியையும் கரைத்து, 20 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து உறைய வையுங்கள். ஒரு குழாய் ஒரு சோதனைக்கு, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

கரைக்க, கிருமி நீக்கிய தூய நீர் போதும். இவை காரப் பெப்டைடுகள், தாராளமாகக் கரையும், டிஎம்எஸ்ஓ போன்ற கரைப்பான் தேவையில்லை. பென்சைல் ஆல்கஹால் கலந்த ஊசி நீரைச் செல் வளர்ப்பில் பயன்படுத்தாதீர்கள். அந்த ஆல்கஹாலே செல்களைப் பாதிக்கும். குலுக்கி நுரை கிளப்பாமல் மெல்லச் சுழற்றுங்கள்.

மின்தடைக்கு வருவோம். உறைபெட்டியில் காலி இடத்தை உப்பு நீர் நிரப்பிய பாட்டில்களால் அடைத்து உறைய வையுங்கள். கரண்ட் போனதும் கதவைத் திறக்காதீர்கள். தானாகப் பனி உருக்கும் வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டு வேண்டாம். அது தினமும் சூடேறிக் குளிர்கிறது. நீங்கள் இல்லாத நேரத்தில் என்ன நடந்தது என்று தெரிய எளிய வழி உண்டு: ஒரு கிண்ணத்தில் நீரை உறைய வைத்து, பனிக்கட்டி மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். நாணயம் பனிக்குள் இறங்கியிருந்தால் பெட்டி உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்தப் பெட்டியில் இருந்த கரைசல்களை நம்ப வேண்டாம். உலர் தூள் அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஈரம் படாமல் இருந்தால் சில நாள் அறை வெப்பத்தைத் தாங்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபின் டெல்டாவின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அதுபோன்ற எச்சரிக்கை வரும்போது புதுக் குப்பியைக் கரைக்காமல் தூளாகவே வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம்.

கெட்டுவிட்டதா என்பதை நிறை நிறமாலைமானியில் பாருங்கள். நல்ல ஜிஎச்ஆர்பி-6 ஒரு புரோட்டானோடு 873.45-இல் வரும். ஒளியிலும் காற்றிலும் டிரிப்டோபான் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் 16 கூடி 889.4 ஆகும். ஹெக்சாரெலின் 887.5. சான்றிதழில் 2 அலகு வித்தியாசத்தை அலட்சியமாகப் படித்தால் கெட்டுப்போன ஜிஎச்ஆர்பி-6-ஐ ஹெக்சாரெலின் என்று நினைத்துவிடலாம்.

நானோமோலார் அளவுகளில் முடிவு தினம் ஒரு மாதிரி வருகிறது. மேல் அளவுகளில் பிரச்சினை இல்லை.
– ஆய்வு மாணவர், நாகப்பட்டினம்

பெப்டைடு குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. மைக்ரோமோலாரில் இந்த இழப்பு தெரியாது. நானோமோலாரில் பாதிகூடக் காணாமல் போகலாம். நீர்ப்பு எல்லாவற்றையும் 0.1 சதவீத மாட்டு ஆல்புமின் புரதம், அதாவது பிஎஸ்ஏ, சேர்த்த பஃபரில் செய்யுங்கள். ஒட்டாத வகைக் குழாய் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு படியிலும் பைப்பெட் முனையை மாற்றுங்கள். நீர்ப்புகளை அன்றன்றைக்குத் தயாரியுங்கள். அரை லாக் படிகளுக்கு, அதாவது படிக்குப் படி சுமார் 3.16 மடங்கு நீர்ப்புக்கு, 100 மைக்ரோலிட்டரோடு 216 மைக்ரோலிட்டர் பஃபர் என்பது கணக்கு. பத்து பிகோமோலாரிலிருந்து ஒரு மைக்ரோமோலார் வரை ஓட்டினால் வளைவு முழுதாகக் கிடைக்கும்.

அடுத்தது நேரம். கிரெலின் ஏற்பி தூண்டப்பட்டதும் சீக்கிரமே சோர்ந்து செல்லுக்குள் போய்விடும். 15 நிமிடத்தில் எடுத்த மாதிரியும் 4 மணி நேரத்தில் எடுத்த மாதிரியும் ஒரே வளைவில் சேராது. ஒரே குழியில் இரண்டாம் தடவை பெப்டைடு சேர்த்து அளப்பதும் தவறு. இந்த ஏற்பி எதுவும் ஒட்டாத நிலையிலேயே உச்சத்தில் பாதியளவு இயங்கிக்கொண்டிருக்கும் தன்மையுடையது என்பதால், ஏற்பியின் இயக்கத்தைக் காட்டும் இனோசிட்டால் பாஸ்பேட்டை அளக்கும் சோதனையில் தொடக்கக் கோடு உயரமாகத்தான் இருக்கும். பின்னணியைக் கழிக்க, ஏற்பி இல்லாத அதே செல் வகையை ஒரு வரிசை வையுங்கள்.

ஒப்பீட்டுக்குக் கிரெலின் வைப்பதானால் ஆக்டனாயில் கொழுப்புத் தொங்கல் உள்ள கிரெலினாகப் பார்த்து வாங்குங்கள். மூன்றாவது செரின் மேல் இருக்கும் அந்தத் தொங்கல் இல்லாதது இந்த ஏற்பியை எழுப்பாது. சீரத்திலும் காரக் கரைசலிலும் அது கழன்றுவிடும் என்பதால் அமிலமாக்கி, குளிரில் வையுங்கள்.

‘சிஜேசி-1295’ என்று இரண்டு இடத்தில் வாங்கினோம். ஒன்று சில நிமிடங்களில் அடங்குகிறது, இன்னொன்று நாள்கணக்கில் நிற்கிறது. எது போலி?
– உதவிப் பேராசிரியர், கும்பகோணம்

இரண்டுமே நிஜமாக இருக்கலாம். ஒரே பெயரில் இரண்டு பொருள் விற்கிறது.

இயற்கை ஜிஎச்ஆர்எச் ரத்தத்தில் சில நிமிடங்களே தாங்கும். டிபிபி-4 நொதி முதல் இரண்டு அமினோ அமிலத்தை வெட்டிவிடுகிறது. அதைத் தடுக்க இரண்டாம் இடத்தில் டி வகை அலனின் வைத்தார்கள். கூடவே 8-இல் குளூட்டமின், 15-இல் அலனின், 27-இல் லியூசின். இந்த நான்கு மாற்றம் மட்டும் உள்ளதன் எடை 3,367.9. இதன் கடைசியில் ஒரு லைசின் சேர்த்து, அதில் டிஏசி என்ற மாலிமைடு கொக்கியை மாட்டியது 3,647.2. அந்தக் கொக்கி ரத்த ஆல்புமினின் 34-ஆவது சிஸ்டீனைப் பிடித்துக்கொண்டு நிற்பதால்தான் நாள்கணக்கில் தாங்குகிறது. நான்கு புரோட்டான் ஏறிய உச்சம் முதலாவதற்கு 843.0, இரண்டாவதற்கு 912.8. ஐந்து நிமிட வேலை. செய்துவிட்டு லேபிளில் நீங்களே எழுதி ஒட்டுங்கள்.

முந்தைய பதிலில் பிஎஸ்ஏ சேர்க்கச் சொன்னோம். டிஏசி உள்ள சிஜேசி-க்கு அது பொருந்தாது. குழாயிலேயே கொக்கி பிஎஸ்ஏ-யைப் பிடித்துவிடும். நீங்கள் அளப்பது வேறொரு மூலக்கூறாகிவிடும். சீரம் கலந்த வளர்ப்பு ஊடகத்திலும் இதேதான். தவிர, நடுநிலை பி.எச். நீரில் மாலிமைடு தானே சிதையும். சற்று அமிலமான கரைசலில், பயன்படுத்தும் நேரத்தில் கரையுங்கள்.

ஐபாமோரெலின்தான் ‘சுத்தமாக’ வேலை செய்யும், மற்றவை கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனையும் கூட்டும் என்கிறார்களே?
– முதுகலை மாணவி, சிதம்பரம்

அடிப்படை உண்டு. நோவோ நார்டிஸ்க் ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட கட்டுரையில், பன்றிகளில் ஜிஎச்ஆர்பி-6-உம் ஜிஎச்ஆர்பி-2-உம் கார்ட்டிசோலைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோன், கார்ட்டிசோல் இரண்டின் அளவுகளையும் உயர்த்தின. ஐபாமோரெலின், பாதி விளைவு தரும் அளவைப் போல் 200 மடங்குக்கு மேல் கொடுத்தும், ஜிஎச்ஆர்எச் உயர்த்துவதைவிட அதிகம் உயர்த்தவில்லை.

அதே கட்டுரையின் வீரிய எண்களைப் பாருங்கள். எலிப் பிட்யூட்டரி செல்களில் பாதி விளைவு தரும் செறிவு ஐபாமோரெலினுக்கு 1.3, ஜிஎச்ஆர்பி-6-க்கு 2.2 நானோமோலார். ஆனால் உச்ச விளைவு முன்னதற்கு 85 சதவீதம், பின்னதற்கு 100. பன்றியில் பாதி விளைவுக்குக் கிலோவுக்கு 2.3, 3.9 நானோமோல்; ஜிஎச்ஆர்பி-2-க்கு வெறும் 0.6. ஜிஎச்ஆர்பி-2 மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்தது, ஆனால் எட்டிய உச்சம் மூன்றிலும் குறைவு. ஆகவே ‘வீரியம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், எவ்வளவு போதும், எவ்வளவு தூரம் போகும் என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.

‘சுத்தம்’ என்பது அந்த ஹார்மோன்களுக்கு மட்டுமே. ஐபாமோரெலினும் கிரெலின் ஏற்பியில்தான் அமர்கிறது. பசி, குடலசைவு எல்லாம் அந்த ஏற்பியின் ஆளுகைதான். ஹெக்சாரெலினோ சிடி36 என்ற வேறொரு ஏற்பியிலும் அமரும். இதயத் திசுவில் வேலை செய்பவர்கள் அதை மறக்கக் கூடாது.

எலிகளில் ஒரே அளவுக்கு ஒன்றில் பெரிய உச்சமும் இன்னொன்றில் ஒன்றுமே இல்லாமலும் வருகிறது.
– கால்நடை ஆய்வு மாணவர், ஒரத்தநாடு

ஆண் எலியில் வளர்ச்சி ஹார்மோன் சுமார் மூன்றேகால் மணி நேரத்துக்கு ஒரு தடவை அலையாக வருகிறது. இரண்டு அலைகளுக்கு நடுவில், அதை அடக்கும் சோமடோஸ்டேட்டின் என்ற ஹார்மோன் கதவை அடைத்திருக்கும். நீங்கள் ஊசி போட்டது எந்தக் கட்டத்தில் என்பதைப் பொறுத்து விளைவு மாறும். பிடிபட்ட பதற்றம் எலியில் இந்த ஹார்மோனை அடக்கும், மனிதரில் நேர்மாறு. ஒரு வாரமாவது கைப்பழக்கம் கொடுத்து, முன்பே நாளக் குழாய் பொருத்தி, எல்லா எலிக்கும் விளக்கு எரிந்த நேரத்திலிருந்து ஒரே மணிக்கணக்கில் தொடங்குங்கள். பென்டோபார்பிட்டால் மயக்கத்தில் செய்வதானால் எல்லாக் குழுவுக்கும் அதுவே. நாளத்தில் செலுத்தினால் உச்சம் 10, 15 நிமிடத்திலேயே வந்துவிடும். முதல் மாதிரியை அரை மணியில் எடுத்தால் மலையைத் தாண்டி அடிவாரத்தைத்தான் அளப்பீர்கள். ஹார்மோனை அளக்கும் எலைசா கிட் எலிக்கானதா என்று பாருங்கள். அளவு மிக அதிகமான மாதிரியை நீர்க்காமல் ஓட்டினால் எண் போலியாகக் குறைந்து வரலாம்.

இவை அனைத்துக்கும் முன்னால், நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும்.

கன்றுக்குட்டிக்குத் தீவனத்தில் கலந்தால் சீக்கிரம் வளருமா?
– விவசாயி, மன்னார்குடி

வளராது ஐயா. தீவனத்தில் கலந்த பெப்டைடு அசையூண் வயிற்றிலேயே சிதைந்துபோகும். அந்தப் பணத்தில் குடற்புழு நீக்க மருந்தும் தாது உப்புக் கலவையும் வாங்கினால் கண்ணுக்குத் தெரியும் பலன் உண்டு.

என் மகனுக்கு 20 வயது. ஜிம்முக்குப் போகிறான். ‘சிஜேசி, ஐபாமோரெலின்’ என்று எழுதிய குப்பியை ஆன்லைனில் வாங்கி, ஃபிரிட்ஜில் மோர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று அதில் போட்டிருக்கிறது. பயமாக இருக்கிறது.
– ஒரு தந்தை, கும்பகோணம்

உங்கள் பயம் நியாயமானது ஐயா. அந்த வாசகத்தின் அர்த்தம், அதை மனித உடலில் செலுத்தும் தரத்தில் தயாரிக்கவில்லை என்பதே. மேலே 99 சதவீதத் தூய்மை பற்றிச் சொன்னோம். கிருமி இல்லை, பாக்டீரியா நச்சு இல்லை என்று அந்த எண் சொல்வதில்லை. ஊசிக்கான மருந்தில் இந்த இரண்டையும் கட்டாயம் சோதிப்பார்கள். ஆய்வகக் குப்பியில் பெரும்பாலும் சோதிப்பதில்லை. எந்த சிஜேசி என்று பேராசிரியருக்கே குழப்பம் வந்ததைப் பாருங்கள். நாள்கணக்கில் நிற்கும் வகையாக இருந்தால், ஒத்துக்கொள்ளாவிட்டாலும் உடனே வெளியேற்ற வழியில்லை.

வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும். வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால் அபாயம் கூடுகிறது. ஐபாமோரெலினை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எந்த நோய்க்கும் அங்கீகரிக்கவில்லை. தசை வளர்ச்சிக்காக ஆரோக்கியமான இளைஞர்கள் ஊசி போட்டுக்கொள்வது பாதுகாப்பானது என்று காட்டும் நீண்ட கால ஆய்வும் கிடையாது. அவன் போட்டிகளில் கலந்துகொள்பவனாக இருந்தால் இதையும் சொல்லுங்கள்: உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இந்தப் பெப்டைடுகள் எல்லா நேரத்துக்கும் தடை செய்யப்பட்டவை. சிறுநீரில் கண்டுபிடிக்கும் முறைகளும் உள்ளன.

அவனைத் திட்டிக் குப்பியைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். இன்னொன்று வாங்கி ஒளித்து வைப்பான். எத்தனை நாளாக, எவ்வளவு, எங்கே குத்துகிறான் என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குப்பியோடு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரை, வளர்ச்சி ஹார்மோன் கூடினால் உயரும் ஐஜிஎஃப்-1, புரோலாக்டின் ஹார்மோன் பார்ப்பது பற்றி அவர் முடிவு செய்வார். குத்திய இடம் சிவந்து வீங்கினாலோ காய்ச்சல், நடுக்கம் வந்தாலோ நாள் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பயன்படுத்திய ஊசிகளைக் குப்பையில் போடாமல், கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து அதே மருத்துவமனையில் ஒப்படையுங்கள். நண்பர்களோடு ஒரே ஊசியைப் பகிர்ந்திருக்கிறானா என்றும் கேளுங்கள். ஆம் என்றால் மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி பரிசோதனைகளையும் அன்றைக்கே எழுதி வாங்குங்கள்.